சுண்டெலியின் பூட்ஸைப் பழக்கிய கால்

பதினோரு வருடம் கோல்களாக அடித்துத் தள்ளிய ஒரு ஸ்ட்ரைக்கர், முப்பது வயதில், உடம்பில் ஒரு காயமும் இல்லாமல், தொடர்ந்து பதினான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காமல் போனது எதனால்?

அந்த வருடம் யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். கேலரியில் என்னோடு உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கான பேருக்கும் தெரியாது. ஆனால் தெரிந்த மாதிரி பேசினார்கள். வயசாகிவிட்டது என்றார்கள். புது வீடு கட்டினான், பசி போய்விட்டது என்றார்கள். விடை என்னவோ அந்தக் கேலரிக்கு நேர் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ஈரத் தரையில் நின்று ஜெர்சி அலசிக்கொண்டிருந்தது. தான்தான் விடை என்பது அதற்கும் தெரியாது.

அந்த அறைக்குச் சொந்தக்காரர் மாதிரி இருந்தவர் பூட்ஸ் அக்கா. இருபத்தோராவது வயதில் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று துவைக்கும் இயந்திரங்கள். அதில் ஒன்று சுழலும்போது அறையைவிட்டு வெளியே கிளம்பப் பார்க்கும். அதன் முன்னால் எப்போதும் ஒரு செங்கல் கிடக்கும். சுவர் நெடுக ஒன்று முதல் முப்பது வரை எண் எழுதிய கொக்கிகள். அவற்றுக்குக் கீழே பூட்ஸ் அடுக்கும் மரத்தட்டு. எந்த ஆட்டக்காரருக்கு எந்தக் காலில் ஆணி, யார் பூட்ஸில் அதிக நாற்றம், யார் தோற்ற பிறகு காலுறையைச் சுருட்டி மூலையில் எறிவார் என்பதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி.

அக்காவுக்குக் கால் பெரிசு. பள்ளியில் கப்பல் என்று பட்டப்பெயர். வெள்ளம் வந்தால் குடும்பத்தோடு இவள் காலில் ஏறிக்கொள்ளலாம் என்று அப்பாவே கிண்டல் செய்வார். பெண்கள் செருப்பில் அளவு கிடைக்காமல் ஆண்கள் செருப்புதான் வாங்குவார். அளவு ஏழு.

சுண்டெலி கிளப்புக்கு வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஊரில் ஆட்டக்காரர்களை ‘அவன்’ என்றுதான் சொல்வோம். அது மரியாதைக் குறைவு இல்லை, உரிமை. ஆள் குள்ளம், கால் இன்னும் சின்னது. தடுப்பாட்டக்காரர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் வந்துவிடுவான், அதனால் அந்தப் பெயர். முதல் பெரிய ஆட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அக்காவின் அறை வாசலில் தரையில் உட்கார்ந்து குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோல் உரிந்து ரத்தம்.

“என்ன தம்பி, கத்தி கித்தி பட்டுதா?”

“புது பூட்ஸ் அக்கா. பழசு அடி பிஞ்சுபோச்சு. இது கல்லு மாதிரி இருக்கு.”

“எல்லாரும் மெல்லிசா, பிளாஸ்டிக் மாதிரி ஒண்ணு போடுறாங்களே. அதைப் போட வேண்டியதுதானே?”

“அதுல பந்து எங்க படுதுன்னே தெரியாது. தோல்தான் வேணும். தோல்னா பழகணும். பழகறதுக்குள்ள என் கால் போயிடும்.”

அக்கா பூட்ஸைத் திருப்பி அடியில் பார்த்தார். ஏழு.

“கழட்டு,” என்றார்.

வெந்நீரில் முக்கி எடுத்தார். தடித்த காலுறை இரண்டைப் போட்டுக்கொண்டு, பூட்ஸில் காலை நுழைத்து இழுத்துக் கட்டினார். அன்றைக்குத் துவைத்த அறுபது ஜெர்சியையும் அந்தப் பூட்ஸோடேதான் மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் புல்தரையில் காயப்போட்டார். மறுநாளும் அதே. அதற்கடுத்த இரண்டு நாளும் அதே. ஆட்டத்தன்று காலையில் சுண்டெலி அதைப் போட்டுப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றான்.

“அக்கா, இது அந்தப் பூட்ஸ் இல்ல.”

“அதேதான்.”

“பொறந்ததுலேர்ந்து போட்டிருக்கிற மாதிரி இருக்கு.”

அன்றைக்கு இரண்டு கோல்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒரு பருவத்துக்கு எட்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் நான்கு நாள் அக்காவின் காலில் குடியிருக்கும். வெளியே மூச்சு விடக் கூடாது என்பது இருவருக்கும் ஒப்பந்தம். தன்னைத் தாண்டிப் பறந்த பூட்ஸ் முந்தாநாள் வரை ஜட்டி காயப்போட்டுக்கொண்டிருந்தது என்று எந்த எதிரணித் தடுப்பாட்டக்காரனுக்கும் தெரியாது. மூன்றாவது வருடம் இருபத்திரண்டு கோல். ஐந்தாவது வருடம் கோப்பை இறுதியாட்டத்தில் மூன்று. அவன் பந்தைத் தொட்டாலே கேலரி எழுந்து நின்று “கதவைப் பூட்டு, சுண்டெலி வருது” என்று பாடும். இன்னொரு பெரிய கிளப் இரண்டு மடங்கு தருகிறேன் என்று கூப்பிட்டது. போகவில்லை. விசுவாசம் என்று எல்லாரும் மெச்சினார்கள். அக்காவிடம் மட்டும், “அங்க என் பூட்ஸை யாரு போடுவா?” என்றான்.

பன்னிரண்டாவது பருவம் பாதியில் கோல் நின்றது.

முதல் மூன்று ஆட்டம் யாரும் பொருட்படுத்தவில்லை. ஐந்தாவதில் முணுமுணுப்பு. எட்டாவதில் சொந்தக் கேலரியே ஊளையிட்டது. பந்து வரும், சுண்டெலி சரியான இடத்தில்தான் நிற்பான், உதைக்கப் போகும்போது ஒரு கண் இமைக்கும் நேரம் பிந்திவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். பதினான்காவது ஆட்டம் முடிந்ததும் மேலாளர் அறிவித்தார்: கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்பது திங்கட்கிழமை.

கடைசி ஆட்டத்துக்கு ஆறு நாள் முன்னால், அந்த வாரத் திங்கட்கிழமை, அக்காவுக்கு விடுமுறை. ஒரு வருடமாகக் கணவரின் செருப்பையே போட்டுக்கொண்டு திரிந்தவருக்கு, புதுசு வாங்கித் தருவதாகக் கணவர் கடைக்குக் கூட்டிப்போனார். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். பேச்சில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ் ஒட்டியிருக்கும்.

“ஏழு எடுங்க,” என்றார் அக்கா.

கடைக்காரர் அளவுப் பலகையைத் தரையில் வைத்தார். “கால வைங்கம்மா. எட்டு.”

“ஏழு. இருபத்தஞ்சு வருஷமா ஏழு.”

“பலகைக்கு அதெல்லாம் தெரியாதும்மா. எட்டுன்னுதான் சொல்லுது.”

“இன்னொரு வாட்டி அளங்க.”

இன்னொரு தடவையும் எட்டு. “நின்னுகிட்டே பாக்குற வேலையா? நிக்க நிக்க பாதம் பரந்துடும். நாப்பதைத் தாண்டினா பாதிப் பேருக்கு ஒரு சைஸ் ஏறிடும். நீங்க மட்டும் என்ன விதிவிலக்கா?”

கணவர் சிரித்தார். “அதானே பார்த்தேன். என் செருப்பு உனக்கு எப்படி இவ்வளவு பாந்தமா இருக்குன்னு. ஒரு வருஷமா வண்டிக்கு டயர் மாறிப்போயிருக்கு, டிரைவருக்கே தெரியல.”

அக்கா சிரிக்கவில்லை. பலகை மேல் இருந்த தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பும் வாங்காமல், கணவரையும் கூப்பிடாமல், நேரே கிளப்புக்கு நடந்தார்.

மரத்தட்டிலிருந்து சுண்டெலியின் பூட்ஸ்களை இறக்கினார். நன்றாக ஆடிய காலத்து ஜோடி ஒன்று. இந்த வருடத்து ஜோடிகள் ஐந்து. ஒவ்வொரு ஜோடியிலும் வலது பூட்ஸின் உள்ளே பாதத்துக்குக் கீழே கிடக்கும் அட்டையை உருவித் தரையில் வரிசையாக வைத்தார். பழையதில் ஐந்து விரல் பதிந்த ஐந்து குழிகள், அச்சில் வார்த்த மாதிரி. புதியவற்றில் குழிகள் அகலமாக இருந்தன, நுனி வரை போயிருந்தன. அது அக்காவின் கால். அதற்குப் பின்னால் இன்னொரு வரிசைத் தடம், குழியாக இல்லாமல் தேய்த்து இழுத்த மாதிரி. அது சுண்டெலியின் கால். உள்ளே வழுக்கிக்கொண்டே இருந்த கால்.

தோல், போட்டவர் காலுக்குத்தான் விரியும். அக்காவின் கால் விரிந்தது, பூட்ஸும் விரிந்தது. புது பூட்ஸ் எப்போதுமே இறுக்கமாகத்தான் இருக்கும், அதனால் அக்காவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஒரு கண் இமைக்கும் நேரம் எங்கே போயிற்று என்பது தரையில் வரிசையாகக் கிடந்தது.

யாருக்கும் தெரியாது. தெரியாமலே விட்டுவிடலாம். அடுத்த ஜோடியை வேறு யாரையாவது போடச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். இயந்திரத்தில் துணி போட்டு ஓடவிட்டால் முப்பத்தெட்டு நிமிடம். அந்த முப்பத்தெட்டு நிமிடமும் அக்கா அதைத்தான் யோசித்தார். இயந்திரம் நின்றது. அக்கா போனை எடுத்தார்.

சுண்டெலி வந்து அட்டைகளைப் பார்த்தான். அக்கா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவன் ஓர் அட்டையை எடுத்துக் குழிகளை விரலால் தடவிக்கொண்டு நின்றான்.

“திட்டணும்னா திட்டிடு தம்பி. இப்படி நிக்காதே.”

“லூசா இருக்குன்னு எனக்குத் தெரியும்க்கா.”

“தெரியுமா? அப்புறம் ஏன்டா சொல்லல?” பதினோரு வருடத்தில் அக்கா அவனை ‘டா’ போட்டது அன்றைக்குத்தான்.

“பூட்ஸ் பெரிசாச்சுன்னு நினைக்கல. என் கால் சின்னதாயிடுச்சுன்னு நினைச்சேன்.” சுவரில் சாய்ந்துகொண்டான். “எங்கப்பாவுக்கு அப்படித்தான் ஆரம்பிச்சுது. முப்பத்தஞ்சு வயசுல கால் மெலிஞ்சுது. மொதல்ல செருப்பு கழண்டு கழண்டு விழும். ரெண்டு வருஷத்துல நாற்காலி. டாக்டர்கிட்ட போகவே பயமா இருந்துச்சு. அதான் ரெண்டு காலுறை போட்டேன், மூணு போட்டேன். உங்ககிட்ட குளிருதுன்னு பொய் சொன்னேன்.”

அக்கா அளவு நாடாவை எடுத்து வந்து அவன் காலை அளந்தார். ஏழு. மயிரிழை குறையவில்லை.

சுண்டெலி நாடாவைப் பார்த்தான், அக்காவின் காலைப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தான். “ஆறு மாசமா சாவுக்குப் பயந்த மாதிரி பயந்தேன். கடைசில பார்த்தா உங்க கால்.”

“சிரிச்சது போதும், எழுந்திரு. மேலாளர்கிட்ட போவோம்.”

மேலாளரின் அறையில் பயிற்சியாளரும் இருந்தார். அக்கா ஆறு அட்டைகளையும் மேசைமேல், மேலாளருடைய காகிதங்களுக்கு மேலேயே பரப்பினார். விஷயத்தைச் சொன்னார்.

பயிற்சியாளர் மேசைப் பக்கமே திரும்பவில்லை. “பூட்ஸ் லூசுன்னா கயித்தை இழுத்துக் கட்டணும். அதுக்கெல்லாம் கோல் வராம போகுமா?”

“கயிறு மேலதான் சார் இறுக்கும். உள்ள விரல் நகர்றதை அது என்ன பண்ணும்? கைய விட்டுப் பாருங்க.”

“நான் எதுக்கு இவன் பூட்ஸுக்குள்ள கைய விடணும்?”

“நான் பதினோரு வருஷம் காலையே விட்டிருக்கேன்.”

மேலாளர் தொண்டையைச் செருமினார். “இங்க பாரும்மா. நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? இவ்வளவு பெரிய கிளப், நட்சத்திர ஆட்டக்காரன், அவன் பூட்ஸை துணி துவைக்கிற பொம்பளை போட்டுக்கிட்டு நடந்தாளாம்னு ஊரே சிரிக்கும். அதுவுமில்லாம புது ஸ்ட்ரைக்கருக்குப் பேசி முடிச்சாச்சு.”

“திங்கக்கிழமை முடிவுன்னு சொன்னீங்களே?”

“திங்கக்கிழமை அறிவிப்பு. முடிவு போன மாசமே.”

சுண்டெலி மேசையருகே வந்தான். “அப்ப ஞாயித்துக்கிழமை ஆட்டம் எதுக்கு?” என்று கேட்டான்.

“பெஞ்சுல உட்காரு. கடைசில கை தட்டுவாங்க, கையாட்டிட்டுப் போ. மரியாதையா முடிச்சுக்கலாம்.”

“நீ வாயத் தொறந்தா உன் வேலை இருக்காது,” என்றார் பயிற்சியாளர், அக்காவைப் பார்த்து.

அக்கா அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கிக்கொண்டார். “வேலை போனா வேற வேலை பாப்பேன் சார். எல்லா ஊர்லயும் அழுக்குத் துணி இருக்கு. ஆனா இவனுக்குக் கால் போச்சுன்னு நீங்க எழுதினா, இல்லேன்னு நான் சொல்லுவேன். யாரு சிரிச்சாலும் சொல்லுவேன்.”

வெளியே வந்ததும் அக்கா பிரிக்காத பெட்டி ஒன்றை அவனிடம் நீட்டினார். ஏழாம் அளவு, கல் மாதிரி தோல். “இனிமே என் கால் உதவாது. நீயே போடணும். அஞ்சு நாள் இருக்கு.”

“குதிகால் போயிடும்க்கா.”

“போகட்டும். திரும்ப வளரும்.”

அந்த ஐந்து நாளும் சுண்டெலி பூட்ஸைக் கழற்றவில்லை. ஈரம் செய்து போட்டான், வீட்டு முற்றத்தில் நடந்தான், சாப்பிட்டான், படுத்தான். அவன் மனைவி அக்காவுக்குப் போன் செய்து கத்தினார். “அக்கா, புதுத் தரை முழுக்கக் குழி. விடிஞ்சா போதும், டக்கு டக்குனு வீட்டுக்குள்ள குதிரை நடக்கிற மாதிரி சத்தம். எம் பொண்ணு அப்பாவுக்குக் கொம்பும் முளைக்குமான்னு கேக்குறா. எப்பக்கா இது முடியும்?”

“ஞாயித்துக்கிழமைம்மா. அதுவரைக்கும் தரையப் பாக்காத.”

வெள்ளிக்கிழமை இரண்டு குதிகாலும் கிழிந்தன. சனிக்கிழமை தோல் இளகியது.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பியிருந்தது. எங்கள் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. சுண்டெலி பெஞ்சில். அறுபதாவது நிமிடத்தில் எழுந்து மேல்சட்டையைக் கழற்றினான், கோட்டோரம் போய் நின்றான்.

“உட்காரு,” என்றார் பயிற்சியாளர்.

அவன் நின்றான்.

“உன்னைத்தான் சொல்றேன். உட்காரு.”

“கால் வலிக்குது சார். உட்கார்ந்தா இன்னும் வலிக்கும்.” திரும்பிப் பார்க்காமலேயே சொன்னான்.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஆட்டம் ஒரு பக்கம் நடந்தது. கேலரி கோட்டோரம் நின்ற குள்ள உருவத்தைப் பார்க்க ஆரம்பித்தது. முதலில் ஒரு மூலையில் யாரோ பாடினார்கள். ஊளையிட்ட அதே வாய்கள்தான். “கதவைப் பூட்டு” என்று பாட்டு சுற்றி வந்து மைதானமே அதிர்ந்தபோது பயிற்சியாளருக்கு வேறு வழி இல்லை. பன்னிரண்டு நிமிடம் மீதி இருக்கையில் அவனை இறக்கினார்.

அக்கா, ஆட்டக்காரர்கள் வெளியே வரும் நடையின் முனையில் துண்டுகளோடு நின்றிருந்தார். அவர் பந்தைப் பார்க்கவில்லை. அவன் காலை மட்டும் பார்த்தார். முதல் தடவை பந்து வந்தபோது சின்னதாக நொண்டினான். இரண்டாவது தடவை நொண்டவில்லை. மூன்றாவது தடவை, இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டி நின்றவன் இடது காலை ஊன்றித் திரும்பினான். ஊன்றிய கால் ஊன்றிய இடத்திலேயே நின்றது. பூட்ஸுக்குள் ஒரு நூல்கூட நகரவில்லை. அக்காவுக்கு அது போதும். துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பந்து வலைக்குள் போனதை அவர் பார்க்கவே இல்லை, சத்தத்தில்தான் தெரிந்துகொண்டார்.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் சமனில் முடிந்தது. அவன் காலுறை இரண்டும் கணுக்கால் வரை சிவப்பாக இருந்தன.

அந்தக் கோல் எதையும் மாற்றவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை பத்திரிகையாளர்களைக் கூட்டி மேலாளர் வாசித்தார்: வயது காரணமாகவும் உடல்தகுதி குறைந்ததாலும் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை, பதினோரு வருடச் சேவைக்கு நன்றி. சுண்டெலி பக்கத்தில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தான். கேள்வி உண்டா என்று கேட்டபோது கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வேலைக்குப் போடும் நீல மேலங்கியோடு பூட்ஸ் அக்கா.

“கேள்வி இல்லைங்க,” என்றார். “அவர் படிச்சது தப்பு. இந்தத் தம்பியோட காலுக்கு ஒண்ணும் ஆகல. ஆனது என் காலுக்கு.” செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கிப் பக்கத்து நாற்காலிமேல் வைத்தார். “ஏழா இருந்தது எட்டாயிடுச்சு. நல்லாப் பாருங்க. போட்டோ வேணும்னாலும் எடுத்துக்குங்க.”

எடுத்தார்கள். சிரித்தார்கள். மறுநாள் பத்திரிகையில் கோலைவிடப் பெரிதாக அக்காவின் கால் வந்தது. தெருவில் போகிறவர்கள் குனிந்து பார்த்தார்கள். “எட்டா, ஒன்பதா?” என்று ஒருவர் கேட்க, “உன் வாய் சைஸுக்கு இன்னும் வரல,” என்று அக்கா சொல்லிக்கொண்டே நடந்தார். கிளப் அன்றைக்கே அவரை நீக்கிவிட்டது. கணவருக்கு மட்டும் ஒரே கவலை: “எல்லாம் சரி, கால் படம் எடுக்குறாங்கன்னு தெரிஞ்சா நகத்தையாவது வெட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்ல?”

சுண்டெலி பக்கத்து நகரத்தில் ஒரு சின்ன கிளப்பில் சேர்ந்தான். பூட்ஸை இப்போது அவனே போட்டுப் பழக்குகிறான். முதல் பருவத்தில் பத்தொன்பது கோல். அங்கே துணி துவைக்கும் அறைக்கு ஆள் தேடினார்கள். அக்கா விண்ணப்பம் போட்டார், சிபாரிசு வேண்டாம் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போட்டார், வேலையும் வாங்கினார். நான் அங்கே போய்த்தான் இதையெல்லாம் கேட்டேன். எழுதட்டுமா என்றதற்கு, “எழுது. எம்மேல தப்புன்னு தெளிவா எழுது. அதை மழுப்பினா அவன் கால் போச்சுன்னு ஆயிடும்,” என்றார்.

எங்கள் பெரிய கிளப்பின் நுழைவாயில் சுவரில் பழைய ஆட்டக்காரர்கள் எல்லாருடைய படமும் இருக்கிறது. சுண்டெலியின் படத்துக்குக் கீழே இன்றைக்கும், உடல்தகுதி குறைந்ததால் விலகினார் என்றுதான் எழுதியிருக்கிறது. இரண்டு தடவை கடிதம் போட்டேன், மாற்றவில்லை. சுவரில் இருப்பதை அழிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. நீங்கள் இதைப் படித்துவிட்டீர்கள். இனி உங்கள் பக்கத்தில் யாராவது அவனுக்குக் கால் போய்விட்டது என்று பேசினால் சும்மா இருந்துவிடாதீர்கள். நடந்தது இது என்று அவரிடம் சொல்லுங்கள், அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.